மேளமில்லாத ஊதல்: கென்னி வீலரின் ‘ஏஞ்சல் சாங்’

வேலூர்ப் பக்கத்தில் ட்ரம்பெட் என்றால் பேண்டு செட்தான். மாப்பிள்ளை ஊர்வலத்தில் வரும், சாமி புறப்பாட்டில் வரும், கட்சிக்காரர் வீட்டுச் சாவிலும் வரும். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போகும்போதும், மாசியில் பாலாற்றங்கரைக்கு மயானக் கொள்ளைக் கூட்டம் இறங்கும்போதும் தெருவில் நின்றவர்களுக்குத் தெரியும், இந்த ஊரில் ஒரு வாத்தியம் காதில் விழவேண்டும் என்றால் எத்தனையைத் தாண்டி வரவேண்டும் என்று. பம்பை, பறை, வேட்டு, ஜெனரேட்டர், பஸ் ஹாரன் என எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நிற்பதுதான் இங்கே ட்ரம்பெட்டின் வேலை.

அந்தக் காதோடு ‘ஏஞ்சல் சாங்’ ஆல்பத்தைக் கேட்க உட்கார்ந்தால் முதலில் குழப்பம்தான் வரும். 1996 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவாகி, அடுத்த வருடம் ஜெர்மனியின் ஈசிஎம் நிறுவனம் வெளியிட்ட ஜாஸ் ஆல்பம் இது. வாசிப்பவர்கள் நான்கே பேர். கென்னி வீலர் ட்ரம்பெட்டும் ஃப்ளூகல்ஹார்னும் ஊதுகிறார். லீ கோனிட்ஸ் ஆல்ட்டோ சாக்ஸபோன், டேவ் ஹாலண்ட் டபுள் பேஸ் (ஆளுயரத்துக்கு நிற்கும், அடிநாதம் தரும் நரம்பு வாத்தியம்), பில் ஃப்ரிசெல் எலெக்ட்ரிக் கிட்டார். பியானோ கிடையாது. டிரம்ஸும் கிடையாது. பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதும் குடியாத்தத்து அண்ணன் ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “இன்னாபா இது, தாளம் யாரு வெக்கறாங்க?”

சரியான கேள்வி. இந்த ஆல்பத்துக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

இணையத்தில் இந்த மாதிரி இசையை ‘தூக்கம் வர’, ‘மனசு லேசாக’ என்று பெயர் போட்ட பட்டியல்களில் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. மேலே அமைதியாகத் தெரியும் இந்த இசையின் அடியில் ஓயாமல் எல்லாம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. மேளத்தை எடுத்துவிட்டதால்தான் அந்த நகர்வு நமக்குக் கேட்கிறது. இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் வாத்தியம். ட்ரம்பெட்டைப் பிரித்து நீட்டினால் சுமார் ஒன்றரை மீட்டர் குழாய். அதில் பெரும்பகுதி ஒரே அகலமாகப் போய், கடைசியில்தான் வாய் விரிகிறது. பலமாக ஊதினால், அந்த ஒரே அகலக் குழாய்க்குள் போகும் ஒலி அலையின் முன்பக்கம் போகப்போகச் செங்குத்தாகிறது. அப்போதுதான் அடிப்படை ஒலிக்கு மேலே சேர்ந்து ஒலிக்கும் துணை ஒலிகள் கூடி, தகரத்தைக் கிழிப்பது போன்ற அந்தப் பளபளப்பு பிறக்கிறது. பேண்டு செட்டுக்கு வேண்டியது அதுதான். ஃப்ளூகல்ஹார்னும் அதே நீளம், அதே சுருதி, அதே மூன்று வால்வு. ஆனால் குழாய் ஆரம்பத்திலிருந்தே கூம்பு மாதிரி விரிந்துகொண்டே போகும், வாய் வைக்கும் கிண்ணமும் ஆழம். அலை அவ்வளவாகக் கூர்மையாவதில்லை, அதனால் ஒலி உருண்டையாக வருகிறது. வீலர் 1975இல் ஈசிஎம்முக்குச் செய்த முதல் ஆல்பமான ‘நு ஹை’ முழுவதையும் ஃப்ளூகல்ஹார்னிலேயே வாசித்தார். ‘ஏஞ்சல் சாங்’கில் இரண்டும் உண்டு. மெதுவாக ஊதும்போது ட்ரம்பெட்டும் இளகிவிடுவதால், எது எது என்று பிரித்துச் சொல்வது பல இடங்களில் லேசில்லை.

மெதுவாக ஊதுவதுதான் கஷ்டமான காரியம். உதடு துடித்தால்தான் சத்தம். காற்றைக் குறைத்தால் துடிப்பு நின்றுவிடப் பார்க்கும், அதுவும் மேல் ஸ்வரங்களில் சட்டென்று அறுந்துவிடும். குடியாத்தத்து அண்ணன் இதை ஒரே வரியில் சொன்னார்: “சவுண்டா ஊதுனா தப்பு தெரியாது தம்பி. மெல்ல ஊதறவன்தான் மாட்டிக்குவான்.” வீலர் ஊதும் பல ஸ்வரங்களின் தொடக்கத்தில் ஒரு நூலிழை அளவு வெறும் காற்று கேட்கும், அதற்குப் பிறகுதான் ஸ்வரம் பிடிக்கும். ஹெட்போனில் கேட்டால் இது நன்றாகவே தெரியும்.

ட்ரம்பெட்டை இப்படி வாசிக்கலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1940களில் ஜாஸ் என்றால் பீபாப். சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் மின்னல் வேகத்தில், கண் இமைப்பதற்குள் கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறும் இசையைக் கொண்டுவந்தார்கள். பார்க்கரின் குழுவில் 1945 முதல் ட்ரம்பெட் ஊதிய மைல்ஸ் டேவிஸ் அந்த வேகத்தின் உள்ளேயே இருந்தவர். கில்லெஸ்பி மாதிரி உச்சியில் நின்று பொரிந்து தள்ளாமல், நடு ஸ்தாயியில், அதிர்வு சேர்க்காத நேரான ஒலியில், ஸ்வரங்களுக்கு நடுவே இடம் விட்டு வாசிக்க ஆரம்பித்தார். 1949, 1950இல் அவர் ஒன்பது பேர் குழு ஒன்றை வைத்து மூன்று முறை பதிவு செய்தார். பிரெஞ்சு ஹார்ன், டியூபா எல்லாம் சேர்த்து, மேகம் மாதிரி ஒரு ஒலி வேண்டும் என்று கில் எவான்ஸும் மற்றவர்களும் இசையமைத்துக் கொடுத்தார்கள். பின்னால் 1957இல் அவை ‘பர்த் ஆஃப் தி கூல்’ என்ற பெயரில் ஒரே இசைத்தட்டாக வந்தன. அந்த ஒன்பது பேரில் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்த இளைஞருக்கு முதல் பதிவின்போது வயது 21. அவர்தான் லீ கோனிட்ஸ். ‘ஏஞ்சல் சாங்’ பதிவின்போது அவருக்கு வயது 68. இந்த அமைதி பிறந்த அறையில் இருந்த ஒருவர், ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து இந்த அறையிலும் இருக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மென்மையான ஜாஸை ஐரோப்பியர்களும் வெள்ளைக்காரர்களும் கண்டுபிடித்த மாதிரி எழுதும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அது தவறு. மைல்ஸ் கறுப்பினத்தவர். அவருக்கு முன்னாலேயே டெனர் சாக்ஸபோனில் மெல்லிய, வரண்ட, அழுத்தமில்லாத ஒலியைக் கொண்டுவந்த லெஸ்டர் யங்கும் கறுப்பினத்தவர். கோனிட்ஸ் உட்பட பின்னால் வந்த எத்தனையோ பேர் லெஸ்டர் யங்கைக் கேட்டு வளர்ந்தவர்கள். மூனிக் நகரத்தில் 1969இல் மான்ஃப்ரெட் ஐகர் ஈசிஎம்மைத் தொடங்கி, எதிரொலி நீண்டு நிற்கும் அந்தத் தெளிவான பதிவு முறையை வளர்த்தெடுத்தது பெரிய காரியம்தான். ஆனால் விதை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களுடையது.

1959க்கு வருவோம். அந்த ஆண்டு மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் பதிவான மைல்ஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ நம் ஊர்க் காதுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. அதன் முதல் உருப்படி ‘ஸோ வாட்’. அதில் கார்டுகள் ஓடுவதில்லை. 32 பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு சின்னத் தாள அளவு) கொண்ட ஒரு சுற்றில் முதல் 16 முழுக்க ஒரே ஸ்வரவரிசை, அடுத்த 8இல் அதே வரிசை அரை ஸ்வரம் மேலே, கடைசி 8இல் மறுபடி பழைய இடம். மேற்கத்தியர்கள் டோரியன் என்று சொல்லும் அந்த வரிசைக்கு நம்மிடம் உள்ள பெயர் கரகரப்பிரியா, 22ஆவது மேளகர்த்தா. கமகமும் பிரயோகமும் வேறு என்பதால் ராகம் என்று சொல்லிவிட முடியாது, ஏழு ஸ்வரங்களும் அவையேதான். அதே ஆல்பத்தின் கடைசி உருப்படியில் ஐந்து ஸ்வரவரிசைகள் உண்டு. வாசிப்பவர் ஒவ்வொன்றிலும் தனக்கு வேண்டும் மட்டும் தங்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறார். நாதஸ்வரத்தில் ராகமாலிகையாக ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்கு இது வேற்று ஊர் விஷயமாகவே தெரியாது. அதனால்தான், ஜாஸ் கேட்க ஆரம்பிக்கும் தமிழ்க் காதுகள் பெரும்பாலும் மைல்ஸிடம் சுலபமாக ஒட்டிக்கொண்டுவிடுகின்றன என்று நினைக்கிறேன்.

வீலரிடம் அப்படி ஒட்டிக்கொள்ள முடியாது. அவர் அங்கிருந்து நேர் எதிர்த் திசையில் போகிறார். மேலோட்டமாக ஒலி ஒன்றுதான், அதே மென்மை, அதே இடைவெளி. ஆனால் அடியில் கார்டுகள் நிற்பதே இல்லை. நமக்கு ஸா என்பது அசையாத ஒன்று. தம்புரா ஆரம்பத்தில் எதைச் சொன்னதோ அதையே கச்சேரி முடியும்வரை சொல்லும். வீலரின் பாட்டில் அந்த ஸா சில நொடிகளுக்கு ஒருமுறை இடம் மாறுகிறது. கிரஹபேதம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கரகரப்பிரியாவின் ஸ்வரங்களை அப்படியே வைத்துக்கொண்டு ரி-யை ஸாவாக எண்ணினால் தோடி, நி-யை ஸாவாக எண்ணினால் சங்கராபரணம். கச்சேரியில் இதை ஒரு வித்துவான் ஒரு முறை காட்டினாலே கைதட்டுவோம். வீலர் இதைத் தொடர்ந்து செய்துகொண்டே இருக்கிறார், அதுவும் ஒரே ஸ்வரக் கூட்டத்துக்குள் நிற்காமல்.

இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஹார்மோனியத்தில் ஜி என்ற கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கையால் கீழே சி வைத்தால், ஜி உங்கள் காதில் பஞ்சமம். நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். ஜி-யை விடாமல், கீழே சி-யை எடுத்துவிட்டு ஈ ஃப்ளாட் வையுங்கள். இப்போது அதே ஜி அந்தர காந்தாரம். சட்டென்று வெளிச்சம் கூடியது போல இருக்கும். அடுத்து கீழே ஏ வையுங்கள். அதே ஜி கைசிகி நிஷாதம் ஆகிவிட்டது, எங்கேயோ போக வேண்டும் என்று ஏங்குகிறது. மேலே விரல் அசையவே இல்லை. தரைதான் இரண்டு முறை நகர்ந்தது.

வீலர் நீட்டிப் பிடிக்கும் ஸ்வரங்களில் நடப்பது இதுதான். அவர் ஒரே ஸ்வரத்தில் நிற்கிறார், கீழே ஹாலண்டும் ஃப்ரிசெலும் அதற்கு வேறு வேறு அர்த்தம் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். இந்த ஆல்பத்தின் சோகம் அங்கிருந்துதான் வருகிறது. நாம் சோகம் என்றால் முகாரி, சுபபந்துவராளி என்று ராகத்தில் தேடுவோம். வீலரின் பல பாட்டுகளில் அப்படிச் சோகமென்று சொல்லும்படி ஒரு ஸ்வரவரிசையே இருக்காது. மகிழ்ச்சியான கார்டும் மங்கிய கார்டும் மாறி மாறி வரும். நிற்கிற ஸ்வரத்துக்கும் நகர்கிற தரைக்கும் உள்ள உறவுதான் நெஞ்சைப் பிடிக்கிறது.

வேலூரில் இதை உடனே பிடித்துக்கொள்ளக்கூடிய கூட்டம் ஒன்று இருக்கிறது. சர்ச் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது மெட்டுக்கு அடுத்துக் கீழே வரும் குரல், பாடுகிறவர்கள். 1853இல் அமெரிக்க ஆற்காடு மிஷன் அமைந்ததிலிருந்து இந்தப் பக்கத்து ஊர்களில் நான்கு குரலில் பாட்டுப் பாடும் பழக்கம் இருந்து வருகிறது. பழைய கீதங்களில் ஆல்ட்டோவுக்கு வரும் வரியைப் பார்த்தால் முக்கால்வாசி நேரம் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லியிருக்கும். மெட்டு மேலே போகும், பேஸ் கீழே நடக்கும், ஆல்ட்டோ நின்ற இடத்தில் நின்றபடி ஒவ்வொரு அடிக்கும் வேறு ஆளாகும். அந்த வரிசையில் நின்று பாடியவர்களுக்கு வீலரை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி தாளம். வழக்கமான ஜாஸ் குழுவில் நேரத்தை எல்லோர் காதிலும் போட்டுக்கொண்டே இருப்பது டிரம்ஸில் உள்ள பெரிய சிம்பல் என்ற வட்ட உலோகத் தகடு. அதன் ‘ஸ்ஸ்’ என்ற நீண்ட ஒலி மேல்ஸ்தாயிப் பகுதி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். ஊதுகிறவரின் மூச்சு, நரம்பின் மேல் விரல் உரசல், ஸ்வரம் அறுகிற இடம் எல்லாம் இருப்பதும் அதே பகுதியில்தான். சிம்பலை எடுத்துவிட்டால் அவை வெளியே வருகின்றன. இது புதிதாக வந்த யோசனையும் இல்லை. கிளாரினெட் கலைஞர் ஜிம்மி ஜூஃப்ரி 1950களின் பிற்பகுதியிலும் 1961இலும் டிரம்ஸ் இல்லாத மூவர் குழுக்களை நடத்தினார். அந்த 1961 ஆல்பங்களை 1992இல் மறுபடி வெளியிட்டது இதே ஈசிஎம்தான்.

அண்ணன் கேட்ட கேள்விக்கு வந்தால், இங்கே தாளம் வைப்பவர் டேவ் ஹாலண்ட். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் 1946இல் பிறந்தவர். 1968இல் லண்டன் கிளப் ஒன்றில் அவர் வாசித்ததைக் கேட்டு மைல்ஸ் டேவிஸே கூப்பிட்டுக்கொண்டார். அதே வருடம் பிப்ரவரியில் ஸ்பான்டேனியஸ் மியூசிக் என்சாம்பிள் என்ற குழுவின் ‘கார்யோபின்’ பதிவில் ஹாலண்டும் வீலரும் ஒன்றாக வாசித்தார்கள். 1975இல் ‘நு ஹை’யில் மறுபடி, 1980களில் ஹாலண்டின் ஐவர் குழுவில் மறுபடி. ‘ஏஞ்சல் சாங்’ வரும்போது இருவருக்கும் 28 வருடப் பழக்கம். அதனால் ஹாலண்ட் ஒவ்வொரு தட்டையும் அடித்துக் காட்ட வேண்டியதில்லை. ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டாலும் தட்டு எங்கே இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரியும். ‘கைண்ட் ஃபோக்’ உருப்படியில் பேஸ் ஒரு சின்ன வரியைத் திரும்பத் திரும்பச் சுற்றும். அதைப் பிடித்துக்கொண்டால் மேலே நடப்பதெல்லாம் தானாகத் தெளிவாகும். முதல் முறை கேட்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

இதில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கத்திரி வெயிலில் பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் விடும், ஃபேனை நிறுத்த முடியாது. ஃபேனின் முனகலும் பேஸின் ஒலியும் கிட்டத்தட்ட ஒரே பகுதியில் வந்து மோதுகின்றன. போனின் சின்ன ஸ்பீக்கரோ அந்தக் கீழ்ப்பகுதியைத் தருவதே இல்லை. டபுள் பேஸின் நான்கு நரம்புகளும் விரல் வைக்காமல் மீட்டினால் நொடிக்குச் சுமார் 41, 55, 73, 98 அதிர்வுகள். எல்லாமே 100க்குக் கீழே. போனில் போட்டால் அந்த அடிநாதம் காணாமல் போய், அதன் மேலே வரும் துணை ஒலிகள் மட்டும் மெல்லிசாகக் கேட்கும். மற்ற ஆல்பங்களில் அதனால் கொஞ்சம் சுவை குறையும், அவ்வளவுதான். இதில் பேஸ் போனால் தாளமும் போகிறது, நகரும் தரையும் போகிறது. மிச்சம் இருப்பது இரண்டு பேர் மெல்ல ஊதுவது மட்டும். இதைத் தூக்க இசை என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் போன் ஸ்பீக்கரில் கேட்டவர்களாக இருக்கும் என்பது என் சந்தேகம். காதை மூடும் ஹெட்போன் ஒன்று போதும், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை.

கோனிட்ஸின் சாக்ஸபோனைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அது கத்ரி கோபால்நாத் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த அதே ஆல்ட்டோ சாக்ஸபோன்தான். கத்ரியின் ஒலி பந்தலை நிறைக்கும். கோனிட்ஸின் ஒலி காய்ந்த சருகு. இனிப்பு கிடையாது, குழைவு கிடையாது, தயாராக வைத்திருக்கும் சங்கதி எதையும் எடுத்துவிடுவதும் கிடையாது. வீலர் உருகும்போது இவர் உருக மறுக்கிறார். ஆல்பம் சர்க்கரைப் பாகாகாமல் தப்புவது இவரால்தான் என்று நினைக்கிறேன். இருவரும் சேர்ந்து வாசிக்கும் இடங்களில் யார் மெட்டு, யார் துணை என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. 2020 ஏப்ரலில், 92 வயதில், கொரோனா தொற்றில் கோனிட்ஸ் இறந்தார்.

ஃப்ரிசெல் அதிகம் பேசாதவர். கார்டுகளை ஓரத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். பல ஆல்பங்களில் அவர் வால்யூம் பெடலை மிதித்து, நரம்பைத் தட்டும் ஓசையை மறைத்து, ஸ்வரம் எங்கிருந்தோ ஊறி வருவது போலச் செய்வார். டிரம்ஸும் பியானோவும் இல்லாத இடத்தில் அப்படிப்பட்ட ஒரு கை தேவைப்பட்டிருக்கிறது.

வீலரைப் பற்றி இன்னொன்றைச் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது. 1930இல் டொரான்டோவில் பிறந்து, 1952இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர். கூச்ச சுபாவக்காரர், தன் வாசிப்பில் தனக்கே திருப்தி இல்லாதவர் என்று பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் 1960களின் கடைசியிலும் 1970களிலும் ராகமும் தாளமும் கார்டும் முன்கூட்டித் தீர்மானிக்காத கட்டற்ற இசையில் முன்வரிசையில் இருந்தார். அமெரிக்காவின் ஆந்தனி ப்ராக்ஸ்டன் குழுவில் வாசித்தார், ஜெர்மனியின் க்ளோப் யூனிட்டி ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தார். அந்த ஆர்கெஸ்ட்ரா காதைப் பிளக்கும் இசைக்குப் பேர்போனது. ‘ஏஞ்சல் சாங்’கில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும் வரியிலிருந்து வீலர் திடீரென்று மேல்ஸ்தாயிக்குத் தாவுவார், நடுவில் உள்ள ஸ்வரங்களைத் தொடாமலே. அந்தத் தாவல் அங்கே கற்றது. சாந்தமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவரை அது உலுக்கிவிடும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு இந்த ஆல்பம் அந்த இடங்களில்தான் முழுசாகத் திறக்கிறது, அந்த மென்மை பலவீனத்தால் வந்ததல்ல என்பது அங்கேதான் நிச்சயமாகிறது.

முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை. ‘கைண்ட் ஃபோக்’கில் பேஸை மட்டும் பின்தொடருங்கள். அப்புறம் முதல் உருப்படியான ‘நிக்கோலெட்’டுக்கு வந்து, நீண்ட ஸ்வரங்களுக்கு அடியில் கார்டு மாறுவதைக் கவனியுங்கள். இரண்டாவதாக ‘ப்ரெசன்ட் பாஸ்ட்’ என்றும், எட்டாவதாக ‘பாஸ்ட் ப்ரெசன்ட்’ என்றும் பெயரைத் திருப்பிப் போட்ட இரண்டு உருப்படிகள் இருக்கின்றன. அவற்றை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

அதன் பிறகு ‘நு ஹை’க்குப் போனால் அங்கே ஜாக் டிஜானெட்டின் டிரம்ஸும் கீத் ஜாரெட்டின் பியானோவும் உண்டு. அதே ஊதல், அதே பேஸ், ஆனால் மேளத்தோடு எப்படி ஆகிறது என்று ஒப்பிட்டுவிடலாம். வீலர் 2014 செப்டம்பரில் இறந்தார். அதற்கு முந்தைய டிசம்பரில் லண்டனின் ஆபி ரோடு ஸ்டுடியோவில் ‘சாங்ஸ் ஃபார் க்வின்டெட்’ என்ற கடைசி ஆல்பத்தைப் பதிவு செய்திருந்தார், 2015 ஜனவரியில் அது வெளிவந்தது. 83 வயதில், ஃப்ளூகல்ஹார்ன் மட்டும். தாவல்கள் குறைந்துவிட்டன, மூச்சு சீக்கிரம் முடிகிறது. கார்டுகள் மட்டும் பழையபடி நிற்காமல் நகர்கின்றன.